காப்பாற்றிய கால்நடைகளைப் படம் எழுதி வைத்தல்

விஸ்வநத்தம் முதலிய சிவகாசிப் பக்கத்துக் கிராமங்களில் சுவரில் படம் தொங்காத வீட்டைக் காண்பது அரிது. சிவகாசியில் 1923-ம் ஆண்டு தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. தீப்பெட்டிக்குச் சீட்டுப் படம் வேண்டியிருந்தமையால் அச்சகங்கள் தோன்றின. அவற்றினின்று நாட்காட்டித் தொழில் பெருகிற்று. கோவில்பட்டியில் வாழ்ந்த சித்திரக்காரர் கொண்டையராஜுவும் (1898-1976) அவர்தம் மாணாக்கரும் எழுதிய தெய்வப் படங்கள் இங்கு அச்சாகி நாடெங்கும் பரவின.

நாட்காட்டிகளில் கண்ணனுடன் நிற்கும் பசுவை யாவரும் கண்டிருப்பர். அது பால்போல் வெளுத்து, மாலை அணிந்து, மறுவின்றி நிற்கும். அது எந்த ஜாதிப் பசு என்று வினவினால் விடை கூறுதல் அரிது. பக்திக்காக எழுதிய படத்தில் இது குறையாகாது. ஆயினும் குடியானவருக்கு வேறொரு வகைப் படமும் வேண்டும். தன் தொழுவத்து மாட்டை உள்ளது உள்ளபடி காட்டும் படமே அது.

பழைய முன்மாதிரிகள்

மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபத்தில் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் கோவர்த்தனக் காட்சியைச் செதுக்கியுள்ளனர். மழையினின்று காக்கப்பெற்ற ஆநிரையே அக்காட்சியின் பொருள். அங்கே ஓர் ஆயன் பால் கறக்கிறான். பசுவோ கன்றை நக்கிக்கொண்டு நிற்கிறது. பால் சுரக்கும் பசுவின் இயல்பை அருகிருந்து பார்த்தவனன்றி வேறொருவன் இதனைச் செதுக்கியிருத்தல் இயலாது.

இங்கிலாந்தில் தாமஸ் பீவிக் என்னும் மரச்செதுக்குச் சித்திரக்காரர் 1789-ம் ஆண்டில் சில்லிங்காம் காட்டுக் காளையைப் படமாக்கிப் புகழ்பெற்றார். பின்னர்ப் பண்ணை ஆடுமாடுகளை எழுத அழைக்கப்பட்டபோது, உடலில் இல்லாத கொழுப்பைப் படத்தில் கூட்டி எழுதுமாறு அவரிடம் கேட்டனர். தாம் காணாததை எழுத அவர் இணங்கவில்லை. கால்நடைப் படம் எழுதுவோர் யாவருக்கும் இதுவே முதல் விதி.

கோசாலைக்கு வரும் மாடு

சென்னைப் பிஞ்சரப்போல் 1906-ம் ஆண்டு முதற்கொண்டு ஆதரவற்ற மாடுகளைப் பேணி வருகிறது. இத்தகைய இடங்களுக்கு உழைத்து ஓய்ந்த எருதும், வறட்சியில் கைவிடப்பட்ட பசுவும், தெருவில் திரிந்த கன்றும் வந்து சேர்கின்றன. உயிர் பிழைக்கிறது, வரலாறோ பிழைப்பதில்லை. நல்ல ஜாதிப் பசு ஒன்று 'ஒரு மாடு' என்று மட்டும் கணக்கில் ஏறினால், அதனை இனவிருத்திக்குத் தேடுவார் இலர். அதன் வழி அத்துடன் அற்றுப்போகும். இது நமக்குப் பெரு நஷ்டமாகும்.

கால்நடைப் பட்டியில் அடைபடும் மாட்டின் அடையாளத்தைப் பதிவேட்டில் எழுதவேண்டுமென 1871-ம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் விதித்தது. 'வெள்ளைப் பசு, கொம்புடையது' என்ற குறிப்பு நூறு பசுக்களுக்குப் பொருந்தும். இக்காலத்தில் காதிலிடும் 12 இலக்க வில்லை சிறந்த ஏற்பாடே. ஆயினும் காது கிழிந்தால் வில்லையும் போய்விடும். கைப்பேசிப் புகைப்படம் உதவுமெனினும், கோணம் தவறினால் கொம்பும் உயரமும் மாறித் தோன்றும். படம் எழுதுவோனோ ஒவ்வோர் உறுப்பையும் நின்று பார்த்தே தீரவேண்டும். ஆதலின் இரண்டையும் ஒருங்கே வைத்தல் நன்று.

படத்தில் கவனிக்கவேண்டியவை

1. பக்கவாட்டில் ஒன்று, முகம் ஒன்று, பின்புறம் ஒன்று என மூன்று படங்கள் எழுதுக. மாடு நான்கு காலும் பதிந்து சமதரையில் நிற்கவேண்டும்.

2. திமிலுக்குச் சற்றுப் பின்புறத்து உயரத்தையும், முன்னங்காலுக்குப் பின்னுள்ள மார்புச் சுற்றளவையும் அளந்து படத்தின் கீழ்க் குறிக்க.

3. சுழிகள் இருக்குமிடத்தைத் தவறாது காட்டுக. சுழி பார்த்து யோகம் சொல்லுவதற்காக அன்று, அடையாளத்திற்காக.

4. நுகத்தடித் தழும்பு, சூட்டுக்குறி, ஒடிந்த கொம்பு, நொண்டி ஆகியவற்றை மறைத்தல் கூடாது.

5. பல்லைக் கொண்டு கணித்த வயதையும், படம் எழுதிய தேதியையும், மாடு எவ்விடத்திலிருந்து வந்தது என்பதையும் எழுதுக.

தேதி இன்றியமையாதது. காங்கேயம் கன்று செந்நிறமாய்ப் பிறந்து, ஏறக்குறைய ஆறு மாதத்தில் சாம்பல் நிறமாகும். பொலிகாளைக்கோ திமிலும் முன்பின் சப்பைகளும் கறுத்துவிடும். தேதியில்லாத படத்தைக் கொண்டு அதே மாடென்று நிறுவுதல் கடினம். கிடை போடும் புலிக்குளம் மாடுகளில் காளையின் திமிலும் தோளும் பசுவினும் கறுத்திருப்பதைக் காட்டவேண்டும். வேம்பூர்ப் பொட்டாட்டின் செம்புள்ளிகள் ஒழுங்கற்றுப் பரந்திருத்தலின், இருபுறத்தையும் எழுதினாலன்றிப் பயனில்லை.

கிராம அதிகாரிகளுக்கு

அச்சுத் தொழிலில் கணினி புகுந்தபின் கையால் படம் எழுதுவோருக்கு வேலை சுருங்கியிருக்கிறது. அவர்களையும் பள்ளிச் சித்திர ஆசிரியர்களையும் இப்பணிக்கு அழைக்கலாம். முதற்கண் ஊரிலுள்ள பொலிகாளைகளையும், கைவிடப்பட்டு மீட்கப்பெற்ற மாடுகளையும் எழுதுவித்து, பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு படப் பதிவேடு வைத்தல் போதுமானது.

சந்தைக்கு ஓட்டிச் செல்லுமுன் தம் கிழ எருதின் படத்தை ஒருமுறை நின்று பார்க்கும் குடியானவர், அது எத்தனை பருவம் தமக்கு உழுதது என்பதையும் நினைவு கூர்வார். மாலையணிந்த பசு சுவரில் இருக்கட்டும்; தழும்புடைய நம் மாட்டின் படமும் அதனருகே இருத்தல் வேண்டும்.