முல்லோயா எழுப்பிய கேள்வி

சிலப்பதிகாரத்தைக் கற்பின் காவியமாகவே நாம் பெரும்பாலும் படித்து வருகின்றோம். அதனுள் ஒரு வழக்கின் வரலாறும் உண்டு. ஆராயாத ஆணையால் ஓர் உயிர் பறிக்கப்பட்டது. இறந்தவனின் மனைவி அரசவை புகுந்து நீதி கேட்டாள். சிலம்பை உடைத்து, உள்ளிருப்பது முத்தன்று, மாணிக்கமே என்று நிறுவினாள். அவளுடைய கண்ணீரினும் அந்த மாணிக்கமே அரசனை வென்றது. முறையற்ற கொலையைக் கண்காணிப்பது என்று இன்று உலகம் பேசுவதன் உயிர்நிலை இதுவேயாகும்: அரசன் ஆளினும் கொலைக்குக் கணக்குக் கேட்க வேண்டும், அக்கணக்குச் சான்றோடு இருக்கவேண்டும்.

நமது மலைநாட்டிலும் அத்தகைய கேள்வி எழுந்ததுண்டு. 1940 ஜனவரியில், ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். எழுந்த கிளர்ச்சியின் பயனாக விசாரணை ஆணைக்குழு ஒன்று அமைந்தது. கோவிந்தனின் மனைவி சார்பில் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா தோன்றி, தோட்டத் துரைமாரும் பொலிஸாரும் இணைந்து நின்ற நிலையை அம்பலப்படுத்தினார். துரையின் சொல்லே சட்டமாயிருந்த நாளில், ஒரு கூலித் தொழிலாளியின் சாவு பகிரங்க விசாரணைக்கு வந்ததே பெரிய காரியமாகும்.

1977 மே 11ஆம் நாள், நுவரெலியா மாவட்டத்தில் ஏழாயிரம் ஏக்கர் தோட்டக் காணியைப் பறிக்கும் முயற்சியை எதிர்த்த போராட்டத்தில், டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் பொலிஸாரின் சூட்டுக்குப் பலியானார். மே மாதம் வரும்போதெல்லாம் மலையகம் அவரை நினைந்து உருகுகிறது. ஆயினும் நினைவு வேறு, கணக்கு வேறு.

கணக்குத் தவறினால் நேர்வது யாதென்பதைப் பண்டாரவளைக்கு அருகிலுள்ள பிந்துனுவெவ காட்டிற்று. 2000 ஒக்டோபர் 25ஆம் நாள், அங்கிருந்த புனர்வாழ்வு முகாமுக்குள் ஒரு கும்பல் புகுந்து, 27 தமிழ் இளைஞருக்குக் குறையாமல் கொன்றது. பொலிஸார் அருகிருந்தும் உயிர்கள் காக்கப்படவில்லை. ஆணைக்குழு அமைந்தது, வழக்கும் நடந்தது. 2003இல் ஐவர் மரண தண்டனை பெற்றனர். 2005இல் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. இத்தனை பேர் மாண்டும், தண்டனை பெற்றவர் எவருமிலர் என்றே கதை முடிந்தது.

இதனாற்றான் சான்றைக் காக்கும் முறையை உலகம் வகுத்தது. ஐக்கிய நாடுகள் சபை 1982இல் இத்தகைய கொலைகளை ஆராயத் தனி அறிக்கையாளர் பதவியை ஏற்படுத்தியது. 1991இல் வெளியாகி, 2016இல் திருத்தப்பட்ட மினசோட்டா நெறிமுறை, விசாரணை எவ்வாறு நடைபெற வேண்டுமென விளக்குகிறது. சம்பவ இடம் கலைக்கப்படலாகாது. உடல் தக்க மருத்துவரால் பரிசோதிக்கப்பட வேண்டும். சாட்சிகள் காக்கப்பட வேண்டும். குடும்பத்தாருக்கு விவரம் அறியும் உரிமை வேண்டும். யாவற்றினும் மேலாக, குற்றஞ் சாட்டப்பட்டவரின் கைக்குள் விசாரணை அகப்படலாகாது.

நம் நாட்டிலும் வழிகள் இல்லாமலில்லை. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழு அமைந்தது. தடுப்புக்காவலில் நேரும் மரணத்தை நீதவான் விசாரிக்க வேண்டுமென்பது சட்டம். அரசியலமைப்பில் உயிர்வாழும் உரிமை வெளிப்படையாக எழுதப்படவில்லையாயினும், அது உட்கிடையாக உண்டென உயர் நீதிமன்றம் 2003இல் தீர்த்தது. அவ்வழக்கைக் கொண்டுவந்தவரும் காவலில் இறந்தவரின் மனைவியே. கண்ணகியின் வழி அடைபடவில்லை!

ஆயினும் லயத்து அறையில் வாழ்பவர் சாட்சி சொல்வது எளிதன்று. வீடும் வேலையும் ஒருவரிடமே இருக்கையில் நாவு தானே ஒடுங்கும். அதனால் கற்ற பிள்ளைகளுக்குக் கடமை மிகுதி. நாள், நேரம், இடம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். கண்டதைக் கண்டதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்தெழுதுங்கள். ஐந்தைப் பத்தாக்காதீர்கள், ஒரு பொய் நூறு மெய்யைக் கெடுத்துவிடும். தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் பெற்றோர் கையொப்பமிடப் போனால், அதனை வாசித்து விளக்கக் கேளுங்கள்.

சிலம்பு உடைந்தபோது மாணிக்கம் தெறித்தது, அது உள்ளே காக்கப்பட்டிருந்தமையாலன்றோ?