வாக்கி-டாக்கிகள் ஏன் ஒன்றோடொன்று பேசுவதில்லை?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. இத்தகைய நாள்களில் செல்பேசிக் கோபுரங்கள் ஓய்ந்தாலும் மீட்புப் பணியினருக்குக் கைகொடுப்பது இருவழி வானொலிதான். செஞ்சி, சீயமங்கலம் வட்டாரத்து மாணவர்களிடம் இதைச் சொன்னால், எல்லாத் துறைகளின் வாக்கி-டாக்கிகளும் தமக்குள் பேசிக்கொள்ளும் என்றே எண்ணுகிறார்கள். அது ஏன் அப்படி இல்லை என்பதை வகுப்பில் நான் விளக்கும் முறையை இங்கே பகிர்கிறேன்.

பழைய அனலாக் கருவியில் குரலின் ஏற்ற இறக்கம் அப்படியே அலையின் அதிர்வெண் மாற்றமாகிறது. ஒரே அதிர்வெண்ணில் வைத்தால் பெரும்பாலும் எந்த நிறுவனத்தின் கருவியும் மற்றொன்றைக் கேட்கும். டிஜிட்டல் கருவியோ குரலை 0, 1 என்ற இலக்கங்களாக்கி, சுருக்கி, பிழைதிருத்தும் இலக்கங்களையும் சேர்த்து அனுப்புகிறது. எப்படிச் சுருக்குவது, எந்த வரிசையில் அடுக்குவது என்ற உடன்பாடே தரநிலை. உடன்பாடு வேறானால் பேச்சு புரியாது.

ஐரோப்பாவில் 1990களில் உருவான டெட்ரா, 25 கிலோஹெர்ட்ஸ் அகல அலைவரிசையை நான்கு உரையாடல்களுக்குப் பங்கிடுகிறது. ஒரே வகுப்பறையை நான்கு ஆசிரியர்கள் பாடவேளை மாற்றிப் பயன்படுத்துவது போன்றது இது. ஒரு பாடவேளை சுமார் 14 மில்லிநொடி. 2005இல் வந்த டி.எம்.ஆர்., 12.5 கிலோஹெர்ட்ஸில் இரண்டு உரையாடல்களைத் தருகிறது. அமெரிக்காவின் பி-25 முதற்கட்டத்தில் அதே 12.5 கிலோஹெர்ட்ஸில் ஓர் உரையாடல் மட்டுமே. பி-25 முதற்கட்டமும் டி.எம்.ஆரும் நொடிக்கு 9600 பிட் வேகத்தில்தான் அனுப்புகின்றன. ஆனாலும் ஒன்று மற்றொன்றுக்குப் புரியாது. இந்தியும் மராத்தியும் ஒரே எழுத்தில் எழுதப்பட்டாலும் வேறு மொழிகள் அல்லவா?

எது சிறந்தது? தேவையைப் பொறுத்தது. நெரிசலான நகரில் ஒரே நேரத்தில் பல குழுக்கள் பேச டெட்ரா ஏற்றது. தில்லி, சென்னை மெட்ரோ ரயில்களில் இயங்குவது அதுவே. பிரிட்டனும் ஜெர்மனியும் அவசரப் பணிகளுக்கு அதை நாடளவில் ஏற்றன. பரந்த நிலப்பரப்பைக் குறைந்த கோபுரங்களால் எட்ட வேண்டிய அமெரிக்கத் துறைகள் பி-25ஐ நாடின. விலை குறைவு என்பதால் தொழிற்சாலைகளும் விடுதிகளும் டி.எம்.ஆரை விரும்புகின்றன. ஒருமுறை வாங்கிவிட்டால் கோபுரம், கருவி, பயிற்சி அனைத்தும் அதனோடு பிணைந்துவிடும். பல ஆண்டுகளுக்கு மாற்றுவது கடினம்.

பிணைப்பின் விலையை 2001 செப்டம்பர் 11 காட்டியது. நியூயார்க்கில் கோபுரம் சரியப்போவதைக் காவல்துறை ஹெலிகாப்டர்கள் எச்சரித்தன. தீயணைப்புத் துறை வேறு வானொலி அமைப்பில் இருந்தது. உள்ளே இருந்த வீரர்கள் பலருக்கு அந்த எச்சரிக்கை எட்டவில்லை. அன்று 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தனர். கருவிகள் பழுதின்றி இருப்பது மட்டும் போதாது. துறைகளுக்கிடையே பேச்சுக்கு வழியும் இருக்க வேண்டும்.

வகுப்பில் இதைச் செய்து பார்க்கலாம். 0, 1 எழுதிய 30 அட்டைகளை வரிசையாக வையுங்கள். ஓர் எழுத்துக்கு ஐந்து இலக்கம் என்ற அட்டவணையை ஒரு குழுவுக்கும், ஆறு இலக்கம் என்ற அட்டவணையை மற்றொரு குழுவுக்கும் கொடுங்கள். முதல் குழு ஆறு எழுத்துகளை வாசிக்கும். இரண்டாவது குழு பொருளற்ற ஐந்தை வாசிக்கும். பிறகு, "இருவரும் பேச என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். இரண்டு அட்டவணையும் தெரிந்த ஒருவரை நடுவில் நிறுத்தலாம் என்பார்கள். இணைப்புக் கருவி செய்வதும் அதுவே. அவசரத்துக்கு மட்டும் பொதுவான ஓர் அனலாக் அலைவரிசையை வைத்துக்கொள்வது இன்னொரு வழி.

கணிதம், இயற்பியல், பேரிடர் மேலாண்மை மூன்றும் இந்த ஒரு பாடவேளையில் சேர்கின்றன. கருவி வாங்கும் பொறுப்புக்கு நம் மாணவர்கள் ஒருநாள் வரும்போது, "விலை என்ன?" என்பதற்கு முன் "ஆபத்தில் யாரோடு பேச வேண்டும்?" என்று அவர்கள் கேட்க வேண்டும்.