சவுதார் குளத்தில் ஒரு கை தண்ணீர்

மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் உள்ள சவுதார் குளம் நகராட்சியின் பொதுக் குளம். ஆடு மாடுகள் குடிக்கலாம். வேற்று மதத்தாரும் மொள்ளலாம். தீண்டப்படாதோர் என்று ஒதுக்கப்பட்ட நம் மக்கள் மட்டும் கரையை நெருங்கக் கூடாது.

இத்தனைக்கும் உத்தரவு இல்லாமல் இல்லை. பொது நீர்நிலைகளை எல்லோருக்கும் திறக்கச் சொல்லி எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானத்தை 1923-ல் பம்பாய் சட்டசபை நிறைவேற்றியது. 1924-ல் மகாட் நகராட்சியும் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. ஆனால் போய் மொண்டால் அடி விழும். தீர்மானம் காகிதத்திலேயே கிடந்தது.

1927 மார்ச் 20. மாநாட்டுக்கு வந்திருந்த ஆயிரக்கணக்கானோர் அம்பேத்கர் தலைமையில் அமைதியாக ஊர்வலம் போனார்கள். அவர் முதலில் அள்ளிக் குடித்தார். மற்றவர்களும் குடித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது.

கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்று யாரோ வதந்தியைக் கிளப்ப, தடிகளோடு ஒரு கூட்டம் பாய்ந்தது. பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் அடி, ஊர் திரும்பியவர்களுக்கும் அடி. அடிபட்ட கூட்டத்தில் பட்டாளத்தில் இருந்து வந்தவர்களும் உண்டு; திருப்பி அடிக்கத் தெரியாதவர்கள் அல்ல. அம்பேத்கர் வேண்டாம் என்றார், கட்டுப்பட்டார்கள். வழக்குப் போட்டார்கள். அடித்தவர்களில் சிலர் சிறைக்குப் போனார்கள்.

இதைக் கோழைத்தனம் என்று சொல்லும் இளைஞர்களை நாம் அறிவோம். அன்று ஒரு கை ஓங்கியிருந்தால் அது 'இருதரப்பு மோதல்' ஆகியிருக்கும். அந்தச் சொல் வழக்குகளை என்ன செய்யும் என்பது நம் கிராமங்களுக்குப் புதிதல்ல.

பிறகு 108 குடம் சாணம், கோமியம், பால், தயிர் ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. டிசம்பரில் மீண்டும் கூடியபோது நீதிமன்றத் தடை குறுக்கே நின்றது. 25-ஆம் தேதி மனுஸ்மிருதியை எரித்தார்கள். குளத்தில் இறங்குவதைத் தள்ளிவைத்தார்கள். ஆத்திரத்தோடு வந்த கூட்டத்தை அப்படி நிறுத்துவது தண்ணீர் குடித்ததைவிடக் கடினமான வேலை என்றே நமக்குப் படுகிறது.

வழக்கு பத்தாண்டு இழுத்தது. நினைவுக்கு எட்டாத காலத்திலிருந்து வரும் வழக்கம் இது என்று எதிர்த்தரப்பு வாதாடியது. அதை அவர்களால் நிரூபிக்க முடியவில்லை என்று 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.