அடி தாங்கும் எஃகு



பினாங்கு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குத் தோட்டத்துப் பிள்ளைகளை ஒரு முறை அழைத்துச் சென்றோம். அங்கே பொற்கொல்லர் ஒருவர் தங்கத் தகட்டைத் தட்டுவதும், இடையிடையே நெருப்பில் காய்ச்சுவதுமாக இருந்தார். “அடிக்கடி ஏன் ஐயா காய்ச்சுகிறார்?” என்று ஒரு சிறுவன் கேட்டான். தட்டத் தட்ட உலோகம் இறுகும். காய்ச்சாமல் மேலும் தட்டினால் விரிசல் காணும் என்றோம். அணு ஆராய்ச்சியாளர்களின் கேள்வியும் இதற்கு உறவுடையதே.

சூரியனில் நிகழ்வது போன்ற அணுப்பிணைவால் மின்சாரம் பெற அறிஞர்கள் முயல்கிறார்கள். இந்தியா உட்படப் பல நாடுகள் கூடிப் பிரான்சில் ஈட்டர் என்னும் உலையைக் கட்டி வருகின்றன. டியூட்டிரியமும் டிரிட்டியமும் பிணையும்போது நியூட்ரான் ஒன்று 1 கோடியே 40 இலட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் பாய்கிறது. அதற்கு மின்னேற்றம் இல்லை. ஆகவே காந்தம் தடுக்காது. உலையின் சுவரே அடி தாங்க வேண்டும்.

அடிபட்ட அணு இடம்பெயர்ந்து, பக்கத்து அணுக்களையும் தள்ளுகிறது. பெரும்பாலான காலியிடங்கள் உடனே நிரம்பிவிடும். மிஞ்சியவை கூடி நுண்துளைகளாகி, எஃகை உப்பச் செய்யும். ஸ்காட்லாந்தின் டூன்ரே உலை எஃகில் இத்துளைகள் கண்டது 1967-இல் வெளியாயிற்று. பிணைவு உலையில் வேறொரு தொல்லையும் உண்டு. நியூட்ரான்கள் எஃகுக்குள்ளேயே ஹீலியத்தை உண்டாக்குகின்றன. அது குமிழிகளாகத் தங்கி எஃகை நொறுங்கும் தன்மையதாக்கும். காய்ச்சினால் மற்றச் சேதம் ஓரளவு ஆறும். ஹீலியம் எளிதில் விலகாது.

தமிழ்நாட்டின் கல்பாக்கத்தில், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தார் 17 இலட்சம் வோல்ட் முடுக்கியால் உலோகத்தின்மேல் அயனிகளைப் பாய்ச்சுகிறார்கள். உலையில் ஆண்டுக்கணக்கில் விளையும் சேதம் சில மணி நேரத்தில் விளைகிறது. ஆனால் அயனிகள் மேற்பரப்பை ஒட்டியே நின்றுவிடும். எனவே 1985-இல் இயங்கத் தொடங்கிய அங்குள்ள சோதனை ஈனுலையும் இவ்வகை ஆய்வுக்குப் பயன்பட்டது.

பிணைவு உலைக்கென அம்மையத்தார் பிறரோடு கூடி உருவாக்கிய எஃகில் மாலிப்டினம், நியோபியம் ஆகியவற்றுக்குப் பதிலாக டங்ஸ்டனும் டாண்டலமும் சேர்ந்துள்ளன. முன்னவை நியூட்ரான் பட்டால் மிக நெடுங்காலம் கதிர்வீசும்; பின்னவற்றின் கதிர்வீச்சு விரைவில் தணியும். உலை ஓய்ந்த பின்னும் அதன் சுவர் நிற்குமல்லவா? அதனைக் கையாளப் போகிறவர்கள் அன்று கேள்வி கேட்ட அச்சிறுவனின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே.