கண் செருகும் நேரம்

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில், நூறு வருஷத்துக்கு முன்பு ஓர் ஈஸ்டர் சமயம். மருந்தியல் பேராசிரியர் ஆட்டோ லோவி நடுராத்திரியில் விழித்து, தூக்கத்தில் தோன்றிய யோசனையைத் துண்டுத்தாளில் கிறுக்கிவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் பார்த்தால் எழுதியவருக்கே எழுத்துப் புரியவில்லை. அன்று முழுக்கத் தாளோடு மல்லுக்கட்டியதுதான் மிச்சம்.

‘தூங்கி எழுந்து பார்த்துக்கலாம்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை, தட்டிக்கழிக்கிற பேச்சு என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். 2004இல் ஜெர்மனியின் லூபெக் பல்கலைக்கழகத்தில் யான் போர்ன் குழுவினர் அதைச் சோதித்தே பார்த்தார்கள். எண் வரிசை ஒன்றைப் படிப்படியாகப் போட்டு விடை காணும் கணக்கு. இரண்டாவது படியில் வரும் எண்தான் கடைசி விடை என்ற சூட்சுமம் அதில் ஒளிந்திருந்தது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தவர்களில் 59 சதவீதம் பேர் அதைக் கண்டுபிடித்தார்கள். விழித்திருந்தவர்களில் சுமார் 23 சதவீதம்தான். எனக்குப் பிடித்தது வேறொரு தகவல்: கணக்கைக் கண்ணிலேயே காட்டாமல் தூங்கவைத்தவர்களுக்குத் தூக்கத்தால் ஒரு லாபமும் இல்லை. மாவை அரைத்து வைத்தால்தானே ராத்திரியில் பொங்கும்!

கையில் உலோகக் குண்டுகளைப் பிடித்தபடி நாற்காலியில் எடிசன் கண்ணயர்வார், குண்டு விழுகிற சத்தத்தில் விழித்துக்கொள்வார் என்று ஒரு கதை உண்டு. 2021இல் பாரிஸ் மூளை ஆய்வு நிறுவனத்தில் அதையும் விடவில்லை. அதே மாதிரிக் கணக்கு. பிறகு இருட்டறையில் சாய்வு நாற்காலி, கையில் ஒரு பொருள், 20 நிமிடம். கண் செருகும் அந்த முதல் கட்டத்தில் 15 விநாடியாவது இருந்தவர்களில் 83 சதவீதம் பேருக்குச் சூட்சுமம் பிடிபட்டது. தூங்காதவர்களில் 31. அதைத் தாண்டி ஆழமாகப் போனவர்களில் வெறும் 14. (மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் இந்தக் கடைசிக் கூட்டம்.) இது குட்டித்தூக்கத்துக்கு மட்டுமான சங்கதி, இரவுத் தூக்கத்தின் கணக்கு வேறு. அந்த 83 சதவீதத்தினருக்கும் எழுந்த கையோடு விடை வந்துவிடவில்லை. திரும்ப உட்கார்ந்து கணக்குப் போடும்போது, எங்கோ நடுவில்தான் பொறி தட்டியது.

லோவிக்கு வருவோம். நரம்பு இதயத்தோடு பேசுவது ரசாயனத்தின் வழியாக இருக்குமோ என்ற எண்ணம் 1903இலேயே அவருக்கு வந்து, மறந்தும் போயிருந்தது. மாவு பதினேழு, பதினெட்டு வருஷம் புளித்திருக்கிறது. 1936இல் நோபல் பரிசு வரை கொண்டுபோன எண்ணம் அது.

துண்டுத்தாளில் கிறுக்கியதற்கு மறுநாள் ராத்திரி மூன்று மணிக்கு, அந்த எண்ணத்தைச் சோதிக்கும் யோசனை திரும்பி வந்தது. இந்த முறை தாளை நம்பவில்லை. எழுந்து நேரே ஆய்வகத்துக்குப் போனார். இரண்டு தவளை இதயங்கள். ஒன்றின் நரம்பைத் தூண்டித் துடிப்பைக் குறைத்தார். அதிலிருந்த உப்புக் கரைசலை எடுத்து, நரம்பே இல்லாத மற்றதில் விட்டார். அதுவும் மெதுவாகத் துடிக்க ஆரம்பித்தது.