படித்துக்கொண்டே மாதம் 12,400 ரூபாய்: நம் காலனிக்கு ஏன் சேதி வரவில்லை?

போன மாதம் திண்டிவனம் பக்கத்துக் காலனி ஒன்றில் இரவுப் பாடசாலை நடத்தும் தோழர்களைப் பார்க்கப் போயிருந்தேன். பேசி முடித்துப் பேருந்துக்காக நின்றபோது ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்து, "அண்ணா, ஒரு சந்தேகம்" என்றாள்.

கம்ப்யூட்டர் சயின்ஸில் பி.இ. முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. அப்பா கரும்பு வெட்டப் போகிறார். அம்மாவுக்கு நூறு நாள் வேலை. இவள் சென்னையில் மாதம் 14,000 ரூபாய்க்கு ஒரு நிறுவனத்தில் கணினியில் தகவல் ஏற்றுகிறாள். அதில் பாதிக்கு மேல் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடுகிறது. "எம்.டெக். படிக்க ஆசைதான். லட்சக்கணக்குல ஆகும்னு சொல்றாங்க. தம்பி வேற பிளஸ் டூ. அதான் விட்டுட்டேன்ணா" என்றாள்.

"கேட் தேர்வு எழுதினாயா?" என்று கேட்டேன்.

"அது ஐஐடிக்குப் போறவங்க எழுதறதுதானே?"

அந்தப் பதில் என்னைத் தூங்கவிடவில்லை. கேட் தேர்வில் தகுதி பெற்று முழுநேர எம்.டெக். அல்லது எம்.இ. சேருகிறவர்களுக்கு அரசு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை தருகிறது. 24 மாதம் வரை தருகிறது. ஐஐடிக்கு மட்டுமல்ல, ஏஐசிடிஇ அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளுக்கும் இது உண்டு. நான்கு வருடம் பொறியியல் கல்லூரியில் படித்த பெண்ணுக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை. வாத்தியார் வீட்டுப் பிள்ளைக்கும் அதிகாரி வீட்டுப் பிள்ளைக்கும் சாப்பாட்டு மேசையில் கிடைக்கும் சேதி இது. நம் வீட்டில் சாப்பாட்டு மேசையும் இல்லை, சேதியும் இல்லை. நான் தமிழ் முதுகலை படித்தவன். கணினி எனக்குத் தெரிந்த துறை அல்ல. தெரிந்தவர்களிடம் கேட்டும் அறிவிக்கைகளைப் படித்தும் திரட்டியதை இங்கே எழுதுகிறேன்.

முதல் கதவு: கேட்

கேட் தேர்வைப் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சென்னை உள்ளிட்ட ஏழு ஐஐடிகளும் முறைவைத்து நடத்துகின்றன. வழக்கமாக ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் விண்ணப்பம் திறக்கும், பிப்ரவரியில் தேர்வு. மூன்று மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். இளநிலைப் பொறியியல் மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். ஒருமுறை வாங்கிய மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கும் பெண்களுக்கும் விண்ணப்பக் கட்டணம் பாதிதான்.

தகுதி மதிப்பெண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2024இல் கம்ப்யூட்டர் சயின்ஸ் தாளுக்குப் பொதுப் பிரிவின் தகுதி மதிப்பெண் நூற்றுக்கு 27.6. எஸ்சி, எஸ்டி பிரிவுக்கு 18.4. இந்த மதிப்பெண்ணுக்கு ஐஐடியில் இடம் கிடைத்துவிடாது. அதற்கு இன்னும் நிறைய வேண்டும். ஆனால் உதவித்தொகைக்கான வாசல் இங்கேதான் திறக்கிறது. பாடங்களை இலவசமாகப் படிக்க, ஐஐடிகளும் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் காணொலிகள் இருக்கின்றன.

தேர்வு எழுதிவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் எந்தக் கல்லூரியும் தேடி வராது. ஒவ்வொரு ஐஐடிக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அவை தரும் இடத்தை ஏற்பதும் மறுப்பதும் 'கோப்' என்ற பொது இணையதளத்தில். திருச்சி உள்ளிட்ட என்ஐடிகளுக்கு 'சிசிஎம்டி' என்ற கலந்தாய்வு தனி. பி.எஸ்சி., பி.சி.ஏ. முடித்தவர்கள் எம்.சி.ஏ. சேர என்ஐடிகளுக்கு 'நிம்செட்' தேர்வும், தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு 'டான்செட்' தேர்வும் உண்டு. மத்திய நிறுவனங்களில் எஸ்சிக்கு 15 சதவீதம், எஸ்டிக்கு 7.5 சதவீதம் இடம். மாநிலத்தில் எஸ்சிக்கு 18 சதவீதம், அதில் அருந்ததியருக்கு 3 சதவீதம் உள்ஒதுக்கீடு, எஸ்டிக்கு 1 சதவீதம். இவை யாரும் போட்ட பிச்சை அல்ல. விண்ணப்பிக்க ஆளில்லாமல் அந்த இடங்கள் காலியாகக் கிடப்பது நமக்குத்தான் நஷ்டம்.

ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு

முனைவர் பட்டம் என்றாலே கையைக் கடிக்கும் என்று நினைக்கிறோம். ஐஐடிகளில் முழுநேர ஆய்வு மாணவருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், பிறகு 42,000 ரூபாயும் தரப்படுகிறது. யுஜிசி நெட் தேர்வில் கணினி அறிவியலும் ஒரு பாடம். அதில் ஜேஆர்எஃப் பெற்றாலும் இதே அளவு தொகைதான். எஸ்சி மாணவர்களுக்கென்றே தேசிய ஆய்வு உதவித்தொகை தனியாக உண்டு. தமிழ்நாடு அரசும் முழுநேர முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஆதிதிராவிட, பழங்குடியின மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் தருகிறது. கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிடர்களுக்கும் இது உண்டு. மத்திய அரசின் பட்டியலில் இடமில்லை என்பதால் எதுவுமே இல்லை என்று நினைத்து அந்தப் பிள்ளைகள் ஒதுங்கிவிட வேண்டாம்.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை முதுகலைக்கும் பொருந்தும். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு உதவித்தொகை வாங்கக் கூடாது என்ற விதி பல இடங்களில் உண்டு. எது அதிகம், எது உறுதி என்று சேரும்போதே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

கடல் தாண்ட நினைப்பவர்களுக்கு

அமெரிக்காவில் எம்.எஸ். படிப்புக்குப் பெரும்பாலும் நாம்தான் பணம் கட்ட வேண்டும். பிஎச்.டி.க்கு அப்படியல்ல. கணினித் துறையில் பிஎச்.டி. இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே ஏற்று, ஆசிரியர் உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ வேலை கொடுத்து, மாதச் செலவுக்கும் பணம் தருவது வழக்கம். நான்கு வருட பி.இ. முடித்தவர்கள் எம்.டெக். இல்லாமலே நேரடியாக விண்ணப்பிக்கலாம். பல துறைகளின் கடைசித் தேதி டிசம்பரில் வருகிறது. விண்ணப்பக் கட்டணம் கட்ட வசதியில்லை என்றால் விலக்குக் கேட்டு எழுதலாம். பல பல்கலைக்கழகங்கள் தருகின்றன. கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை, முதுகலைக்கும் பிஎச்.டி.க்கும் கல்விக் கட்டணம், வாழ்க்கைச் செலவு, விமானச் செலவு எல்லாவற்றையும் ஏற்கிறது. ஆண்டுக்கு 125 இடங்கள். அதில் 115 எஸ்சி மாணவர்களுக்கு. வயது 35க்குள், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், முந்தைய பட்டத்தில் 60 சதவீத மதிப்பெண், உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் வரும் பல்கலைக்கழகத்தில் இடம் ஆகியவை நிபந்தனைகள். நாடு முழுவதற்கும் 115 என்பது மிகக் குறைவு. அதை உயர்த்தச் சொல்லிப் போராட வேண்டியது தனி வேலை. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆண்டுக்கு அதிகபட்சம் 36 லட்சம் ரூபாய் வரை உதவுகிறது. விவரம் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கிடைக்கும்.

வெளிநாட்டு விண்ணப்பத்தில் இரண்டு தாள்கள் முக்கியம். ஒன்று, நம் நோக்கத்தை நாமே எழுதும் கட்டுரை. நம் பிள்ளைகள் இதில் வறுமையை மட்டும் எழுதிவிடுகிறார்கள். வறுமையை ஒரு பத்தியில் சொல்லுங்கள். மிச்சப் பக்கத்தில் என்ன செய்தீர்கள், எந்தக் கேள்வி உங்களைத் துரத்துகிறது, அந்தத் துறையில் யாரிடம் ஏன் படிக்க வேண்டும் என்று எழுதுங்கள். இரண்டாவது, ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதம். பெரும்பாலும் மூன்று கேட்பார்கள். கடைசி பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்து நான்கு வருடத்தை ஓட்டியவருக்குக் கடிதம் எழுத ஆசிரியருக்கு என்ன தெரியும்? மூன்றாம் ஆண்டிலேயே ஓர் ஆசிரியரிடம் போய், "உங்களிடம் ஒரு புராஜெக்ட் செய்கிறேன்" என்று கேளுங்கள். ஒருவர் முகம் திருப்பினால் அடுத்தவரிடம் போங்கள்.

பணம் வரும், நேரத்துக்கு வராது

இதை ஒளித்துச் சொல்வது துரோகம். நான் கல்லூரியில் படித்தபோது எனக்கு வர வேண்டிய உதவித்தொகை, தேர்வெல்லாம் முடிந்து ஊருக்குப் போன பிறகுதான் வந்தது. மெஸ் பாக்கிக்கு அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. மீட்கவே இல்லை.

2016இல் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் உயிரை விட்ட ரோகித் வெமுலா, தன் கடைசிக் கடிதத்தில் ஏழு மாத ஆய்வு உதவித்தொகை வர வேண்டியிருக்கிறது, அதைக் குடும்பத்துக்குக் கொடுங்கள் என்று எழுதியிருந்தார். நம் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கைச்செலவுப் பணம் அல்ல, சோறு. அது தாமதமானால் முதல் மாதமே கடிதம் எழுதுங்கள். வளாகத்தின் எஸ்சி, எஸ்டி பிரிவில் முறையிடுங்கள். தனியாகச் சுமக்காதீர்கள். வெளியே இயக்கங்கள் இருக்கின்றன, நாங்கள் இருக்கிறோம்.

2024இல் உத்தரப் பிரதேசத்தில் ஒரு தினக்கூலியின் மகனுக்குத் தன்பாத் ஐஐடியில் பி.டெக். இடம் கிடைத்தது. இடத்தை உறுதிசெய்ய 17,500 ரூபாய் கட்ட வேண்டும். பணத்தைப் புரட்டி முடிப்பதற்குள் ஜூன் 24 மாலை 5 மணிக் கெடு தாண்டிவிட்டது. இடம் போனது. அந்தத் தலித் குடும்பம் பல கதவுகளைத் தட்டி, சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் வந்து, கடைசியில் உச்ச நீதிமன்றம் போனது. செப்டம்பர் 30 அன்று நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி அவரைச் சேர்க்க உத்தரவிட்டது. எல்லோராலும் டெல்லிவரை போக முடியாது. எனவே விண்ணப்பிக்கும் நாளிலிருந்தே இந்த முதல் தவணைக்குச் சேர்த்து வையுங்கள். சுய உதவிக் குழுவிடமும் ஊர்ச் சங்கத்திடமும் முன்கூட்டியே பேசி வையுங்கள். கல்விக் கடனுக்கு, 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட தரமான நிறுவனங்களில் சேர்ந்தவர்களுக்கு அடமானமும் பிணையாளும் இல்லாமல் கடன் உண்டு.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

சாதிச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். எஸ்சிக்குத் தாசில்தார் தருகிறார். எஸ்டிக்குக் கோட்டாட்சியர் தருகிறார், அதற்கு நாள் அதிகம் பிடிக்கும். வருமானச் சான்றிதழைப் புதுப்பியுங்கள். உதவித்தொகைக்கு ஆதார் இணைத்த, வரம்பில்லாத சாதாரண சேமிப்புக் கணக்கு வேண்டும். பெயரைச் சரிபாருங்கள்: மதிப்பெண் பட்டியலில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, சாதிச் சான்றிதழில் ஓர் எழுத்துப் பிழை என்று இருந்தால் கடைசி நாளில் கம்ப்யூட்டர் ஏற்காது. இ-சேவை மையத்தில் வரிசையில் நின்று இன்றே திருத்துங்கள்.

1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் பாபாசாகேப் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குக் கப்பல் ஏறினார். படித்து வந்து பத்தாண்டுகள் பரோடா சமஸ்தானத்தில் வேலை பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்த பணம் அது. 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். மும்பையில் பேராசிரியராக வேலை பார்த்துச் சேர்த்த பணத்தோடும் நண்பரிடம் வாங்கிய கடனோடும் 1920இல் மறுபடி லண்டன் போய்ப் படிப்பை முடித்தார். பணம் நின்றது, படிப்பு நிற்கவில்லை. நிபந்தனையைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே, பாதியில் நின்றதை முடிக்காமல் விடாதே என்ற இரண்டு பாடமும் அந்த வாழ்க்கையில் இருக்கிறது.

அந்தப் பெண் போன வாரம் போன் செய்தாள். வேலையை விடவில்லை, விடவும் வேண்டாம் என்றேன். இரவில் இரண்டு மணி நேரம் படிக்கிறாளாம். "பன்னிரெண்டாயிரத்து நானூறுன்னா அம்மா நம்ப மாட்டேங்கறாங்கண்ணா. படிக்கிறவங்களுக்கு யாராச்சும் சம்பளம் தருவாங்களான்னு கேக்கறாங்க" என்று சிரித்தாள்.

நம்பாத அம்மாக்கள் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். இந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து உங்கள் ஊர்ப் படிப்பகத்துச் சுவரில் ஒட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.