பூண்டை ஒதுக்கினாலும் ரசத்தில் இருக்கும்

காலையில் வேலைக்குக் கிளம்புவதற்குள் மூன்று முறை கழிப்பறை. மதியம் உப்புசம். ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் ‘நார்மல்’. ஐ.பி.எஸ். எனப்படும் எரிச்சல் குடல் நோயாளிகள் பலரின் கதை இதுதான். குடலில் புண்ணும் இல்லை, கட்டியும் இல்லை. ஆனால் வலி நிஜம். மற்றவர்கள் உணரவே மாட்டாத அளவு வாயுகூட இவர்களுக்கு வலியாகத் தெரிகிறது.

வீட்டில் பழி எப்போதும் மிளகாய்மேல்தான் விழும். சிலருக்குக் காரம் ஒத்துக்கொள்ளாது என்பது உண்மை. ஆனால் சத்தமில்லாமல் வேலையைக் காட்டுபவை வேறு: சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சில வகைச் சர்க்கரைகள். இவை குடலுக்குள் நீரை இழுக்கும். பெருங்குடலில் பாக்டீரியா இவற்றைப் புளிக்கவைக்க, வாயு உண்டாகும். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவற்றுக்கு ‘ஃபோட்மேப்’ என்று பெயரிட்டு, இவற்றைக் குறைக்கும் உணவுமுறையை வகுத்தார்கள்.

நம் சமையலறையில் இவை தாராளமாக உண்டு. வெங்காயம், பூண்டு, கோதுமையில் ஃபிரக்டான், பருப்பு, கொண்டைக்கடலையில் இன்னொரு வகை, பாலில் லாக்டோஸ், மாம்பழத்தில் மிகுதியான ஃபிரக்டோஸ். அரிசிச் சோறு பொதுவாகத் தொல்லை தராது.

பலரும் ஏமாறுவது ஒரு இடத்தில். சாம்பாரில் கிடக்கும் சின்ன வெங்காயத்தைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டு, ‘நான்தான் சாப்பிடவே இல்லையே’ என்பார்கள். ஃபிரக்டான் நீரில் கரையும். வெங்காயம் ஓரத்தில் இருந்தாலும் அதன் சர்க்கரை குழம்பில் கலந்துவிட்டது. பூண்டு ரசமும் அப்படியே. ஆனால் ஃபிரக்டான் எண்ணெயில் கரையாது. பூண்டுப் பற்களை எண்ணெயில் வதக்கி, தண்ணீர் படுவதற்கு முன்பே எடுத்துவிட்டால் வாசனை மட்டும் மிஞ்சும். வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி, கூடவே ஒரு சிட்டிகை பெருங்காயம். பருப்பை ஊறவைத்த நீரையும், முடிந்தால் வேகவைத்த நீரையும் கொட்டிவிடலாம். பாட்டிமார்களுக்கு இது பிடிக்காது, வயிற்றுக்குப் பிடிக்கும்.

இந்த உணவுமுறை ஆயுள் முழுக்கப் பத்தியம் அல்ல. இரண்டு முதல் ஆறு வாரம் வரை குறைத்துப் பார்ப்பது, பிறகு ஒவ்வொரு வகையாகத் திரும்பச் சேர்ப்பது. மூன்று நாள் பாலை மட்டும், அளவைக் கூட்டிக்கொண்டே போய்ப் பார்க்கலாம். சில நாள் இடைவெளி விட்டு, அடுத்து கோதுமை. எல்லாமே எல்லோருக்கும் ஆகாது என்பதில்லை. பலர் முதல் கட்டத்திலேயே நின்றுவிடுகிறார்கள். வயிறு அமைதியாகிறது, ஆனால் குடலின் நல்ல பாக்டீரியாவும் பட்டினி கிடக்கிறது. ஒல்லியானவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் உணவியல் நிபுணரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

இவ்வளவு தூரம் போகாமலேயே சிலருக்குச் சரியாகிவிடும். வேளாவேளைக்குச் சாப்பிடுவது, டீ, காபியை மூன்று கோப்பைக்குள் நிறுத்துவது, தவிடு சேர்ப்பதற்குப் பதில் இசப்கோல் உமியைக் கொஞ்சமாகத் தொடங்கி நிறையத் தண்ணீருடன் குடிப்பது ஆகியவற்றை முதலில் செய்து பார்க்கலாம்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தூக்கத்தைக் கலைக்கும் பேதி, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தொந்தரவு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் பூண்டு ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.